ஊர் பேர் தெரியாத வால்வு

எங்கள் அடுப்படிக் கூரையில் இலங்கைத் தீவின் வடிவத்தில் மஞ்சளாக ஒரு கறை இருக்கிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுதா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டம்மா முந்திக்கொள்வாள். "இல்லைங்க, அது துவரம்பருப்பு. இவர் வாங்கின வால்வு." யாழ்ப்பாணம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலத்துக்கு சிமெண்ட் பெயர்ந்திருக்கும். வால்வு முட்டிய இடம் அது.

பருப்பு தெறிக்காத வீடு எது? அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் வெட்கப்படுவது என் உத்தியோகத்தை நினைத்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் காருக்கும் லாரிக்கும் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில், முப்பத்தோரு வருஷம் குவாலிட்டி செக்‌ஷனில் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவன் நான். ஒரு போல்ட்டைக் காட்டினால் அதன் ஜாதகம் சொல்வோம். எந்த உலையில் உருகிய இரும்பு, ஹீட் நம்பர் என்ன, எந்த ஷிப்ட்டில் கடைந்தது, எந்த மெஷின், அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார், எந்த லாரியில் எந்தக் கம்பெனிக்குப் போனது, எல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கும். இதற்கு 'டிரேசபிலிட்டி' என்று பெயர். ஆடிட்டர் வருகிற அன்று அந்த ஒரு வார்த்தைக்காகவே கேன்டீனில் கேசரி போடுவார்கள். எங்கோ ஒரு லாரியில் ஒரு போல்ட் உடைந்தது என்று போன் வந்தால், அதனோடு பிறந்த மற்ற போல்ட்டுகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லியிருக்கிறோம்.

அப்படிப்பட்டவன் வாங்கிய வால்வு எந்த ஊரில் பிறந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குக்கர் நல்ல குக்கர்தான். பழைய சேஃப்டி வால்வும் தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் போனது. மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு வீட்டம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் பேப்பரில் சுடோகு போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றி, குக்கர் காய்ந்து, வால்வு புஸ்ஸென்று போய்விட்டது. அதன் நடுவில் சீக்கிரம் உருகுகிற ஒரு உலோகக் கலவை அடைத்திருப்பார்கள். சூடு எல்லை மீறினால் குக்கர் வெடிக்குமுன் அது உருகி ஆவிக்கு வழிவிடும். தான் செத்து நம்மைக் காப்பாற்றுகிற ஜென்மம். அதன் கருமாதிக்கு முன்பே மாற்று வாங்கிவர என்னை அனுப்பினாள்.

சர்வீஸ் கடையில் கம்பெனி வால்வு எண்பது ரூபாய். "நாளைக்கு வாங்க சார், ஸ்டாக் வரும்" என்றார்கள். திரும்பி வருகிற வழியில், அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சாயங்காலமானால் தார்ப்பாய் விரிக்கிற ஒருவர், மத்தி மீனைக் கோத்த மாதிரி ஒரு கம்பியில் வால்வுகளாகக் கோத்து வைத்திருந்தார். முப்பது ரூபாய். பேரம் பேசி இருபத்தைந்துக்கு முடித்தேன். "எல்லா குக்கருக்கும் செட் ஆகும் சார்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே எங்கள் செக்‌ஷனில் ஒரு சப்ளையரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது. "பில் தரட்டா சார்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்குமே அது நல்ல ஜோக்காகப் பட்டது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் மரை ஆடியது.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க 'கோ', 'நோ-கோ' என்று கேஜ் இருக்கிறது. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டால் அந்த உருப்படி நேராகச் சிவப்புத் தொட்டிக்கு. கெஞ்சினாலும் கொஞ்சினாலும் சரி, மேனேஜரே வந்து "இந்த ஒரு தடவை விடுப்பா" என்றாலும் சரி, விட்டதில்லை. அதனால் எனக்கு 'நோ-கோ' என்றே பட்டப்பெயர். அந்த நோ-கோ, ஆடுகிற மரையைப் பார்த்துவிட்டு, டூல்ஸ் டப்பாவைத் திறந்து, குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்ளான் டேப்பை நாலு சுற்று சுற்றி, வால்வை இறுக்கினான். "கச்சிதமா உட்கார்ந்துடுச்சு பாரு" என்று வீட்டம்மாவிடம் பெருமை வேறு.

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. ஆவடியிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். பருப்புத்தோல் எதுவோ விசில் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். விசில் வரவில்லை. "என்னடா சத்தத்தையே காணோம்" என்று நாங்கள் ஹாலில் பேசிக்கொண்டிருக்கும்போதே படாரென்றது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மஞ்சள் தூண் கூரைவரை போய் இறங்கிக்கொண்டிருந்தது. கடவுள் புண்ணியம், அந்த நிமிஷம் அடுப்படியில் யாரும் இல்லை. மச்சினன் கூரையையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, நாங்க ஆவடில பண்ணினது இவ்வளவு நேரா மேல போவாது."

எங்கள் தொழிற்சாலையில் ஏதாவது கோளாறு என்றால் 'ஐந்து ஏன்' கேட்போம். ஏன், ஏன் என்று ஐந்து முறை தோண்டினால் ஆணிவேர் கிடைத்துவிடும் என்பது ஜப்பான்காரன் சொல்லிக்கொடுத்த வித்தை. பழக்கதோஷத்தில் அன்றைக்கும் டைனிங் டேபிளில் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்தேன். ஏன் வால்வு பறந்தது? மரை பிடிக்கவில்லை. ஏன் மரை பிடிக்கவில்லை? அளவு தப்பு. அளவு தப்பானதை ஏன் மாட்டினோம்? என்று எழுதும்போது வீட்டம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "மிச்ச ரெண்டு ஏன் நான் கேட்கட்டுமா? ஏன் உங்களைக் கடைக்கு அனுப்பினேன்? ஏன் எங்கப்பா பேச்சைக் கேட்டு இந்த வீட்டுக்கு வந்தேன்?" ஆணிவேர் கிடைத்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்தேன்.

மறுநாள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. முத்திரையின் தலையில் ஐஎஸ் 2347 என்ற தர எண், காலடியில் சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண். பிஐஎஸ் கேர் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் அந்த லைசென்ஸ் எண்ணைத் தட்டினால் தயாரித்த கம்பெனியின் பெயர், முகவரி, லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதுவரை வந்து விழுகிறது. (ஐஎஸ்ஐ என்ற நிறுவனம் 1987-லேயே பிஐஎஸ் ஆகிவிட்டது. முத்திரை மட்டும் இன்னும் பழைய பேரில்தான் ஓடுகிறது. மெட்ராஸைச் சென்னை ஆக்கிய பிறகும் ஐகோர்ட்டு மெட்ராஸ் ஐகோர்ட்டாகவே இருக்கிறதல்லவா, அப்படி.) 2021 பிப்ரவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் வீட்டு குக்கர் விற்கவே கூடாது என்று உத்தரவும் இருக்கிறது. ஆக குக்கருக்குத் தாய் தகப்பன் உண்டு. வால்வைத் தேடி எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை. பொட்டலச் சரக்குக்கு 2011-ல் வந்த விதிப்படி தயாரித்தவர் முகவரி, மாதம், வருஷம், விலை, புகாருக்குப் போன் நம்பர் எல்லாம் அச்சிட வேண்டும். ஆனால் அதற்கு முதலில் பொட்டலம் வேண்டுமே. கம்பியில் கோத்ததற்கு எங்கே அச்சிடுவது?

ரோஷம் வந்து நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டேன். எதிர்முனையில் ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினார்.

"பில் இருக்குங்களா சார்?"

"இல்லம்மா."

"கடை பேரு?"

"தார்ப்பாய்."

"சார்?"

"தார்ப்பாய் விரிச்சு விக்கிறவரும்மா. நீல கலர் தார்ப்பாய்."

"தயாரிப்பாளர் பேரு, பேட்ச் நம்பர் ஏதாவது பொருள்மேல இருக்குங்களா?"

நான் பேசாமல் இருந்தேன். முப்பத்தோரு வருஷம் இந்தக் கேள்வியை நான் மற்றவர்களிடம் கேட்டவன். பதில் சொல்ல முடியாமல் முழித்த சப்ளையர்களின் முகமெல்லாம் வரிசையாக வந்து போனது.

சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது, அதுதான் கொடுமை. 2019-ல் போட்டு 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்காக ஒரு அத்தியாயமே உண்டு. பொருளின் கோளாறால் சேதம் வந்தால் தயாரித்தவர் பொறுப்பு. தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லையா, விற்றவர் பொறுப்பு. பில் தராமல் விற்பது முறையற்ற வணிகம். ஐந்து லட்சம் ரூபாய்வரை உள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம்கூட இல்லை, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். எல்லாம் சரி, நோட்டீஸை எந்த முகவரிக்கு அனுப்புவது? மறு வாரம் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் வேறொருவர் தார்ப்பாய் விரித்து ஜட்டி, பனியன் விற்றுக்கொண்டிருந்தார். "பில் வேண்டாம்" என்று சிரித்தபோது நான் மிச்சம் பிடித்தது ஐம்பத்தைந்து ரூபாய். கூரைப் பூச்சுக்குக் கொத்தனார் கேட்டது இரண்டாயிரம்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் இப்படி ஆகுமா என்று மகள் கேட்டாள். ஆகும், ஆனால் வேறு மாதிரி. 2022-ல் ஒரு பெரிய ஆன்லைன் கம்பெனியின் மூலமாகத் தரமில்லாத குக்கர்கள் விற்றதாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிடித்தது. எத்தனை தெரியுமா? 2,265. இரண்டாயிரத்துச் சொச்சம் இல்லை, சரியாக இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து. வாங்கிய ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடு என்று உத்தரவிட்டார்கள். கம்பெனி ஐகோர்ட்டுவரை போனது, அது தனிக் கதை. நான் பார்ப்பது அந்த எண்ணை. யார் வீட்டில் எந்த குக்கர் கொதிக்கிறது என்று கதவு எண்ணோடு சொல்ல முடிந்திருக்கிறது. தார்ப்பாய்க்காரரின் வால்வுகள் அம்பத்தூரில் எத்தனை அடுப்பில் உட்கார்ந்திருக்கின்றனவோ, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்காக ஆன்லைன்காரர்களை மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். 2025 மார்ச்சில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, புதுவாயலிலும் கொடுவள்ளியிலும் இரண்டு பெரிய கம்பெனிகளின் கிடங்குகளுக்குள் பிஐஎஸ் அதிகாரிகள் நுழைந்தார்கள். ஒரு கிடங்கில் மட்டும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத 3,376 பொருள்கள். ஃப்ளாஸ்க், தண்ணீர் பாட்டில், சீலிங் ஃபேன், பொம்மை. அந்தப் பழைய செய்தியைப் படித்ததும், மச்சினன் பையனுக்குப் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் பாட்டிலின் ஞாபகம் வந்தது. போன் போட்டு அதைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ரஸ்னா இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டான்.

இப்படியாகப் பித்துப் பிடித்தது. பாவத்துக்குப் பரிகாரமாக, கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் மாட்டியவன் கேஸ் போடுகிற தம்பி. சிலிண்டரின் கழுத்து வளையத்தைத் தாங்குகிற பட்டையின் உட்புறத்தில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் எழுதியிருக்கும். அது ஏதோ பிளாட் நம்பர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே டி வரை. பி-28 என்றால் அந்தச் சிலிண்டருக்கு 2028 ஜூனுக்குள் அடுத்த பரிசோதனை நடக்க வேண்டும். கெடு தாண்டியிருந்தால் வாங்க மாட்டேன் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. டார்ச் அடித்து நான் குனிந்து பார்ப்பதை அந்தத் தம்பி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இந்தத் தெருவுல இதை யாரும் கேட்டதில்ல. சீக்கிரம் பாருங்க, மூணாவது மாடி ஒண்ணு இருக்கு" என்றான்.

அடுத்தது பக்கத்து வீட்டு மாமி. வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறார். அவரிடம் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண், பதினாலு இலக்கம், இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. டப்பாவின் பக்கவாட்டில் அச்சடித்து ஒட்டியிருந்தார். "நாலு வருஷமா வாங்கித் திங்கறேளே, ஒருநாளாவது திருப்பிப் பார்த்திருக்கேளா?" என்றார். அந்த வாரம் முறுக்கு எண்ணெய்ச் சிக்கு அடித்த மாதிரி எனக்குத் தோன்றியது வெறும் பிரமையாகவும் இருக்கலாம்.

உச்சம், பூந்தமல்லியில் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் போட்ட சங்கிலியின் கொக்கியில் ஹால்மார்க் ஆறு எழுத்து இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று பூதக்கண்ணாடியை எடுத்தேன். 2023 ஏப்ரல் முதல் கடையில் புதிதாக விற்கிற நகையில் அந்த எச்யுஐடி எண் இருந்தாக வேண்டும், ஆப்பில் போட்டால் எந்த நகைக்கடைக்காரர், எங்கே சோதித்தது எல்லாம் தெரியும் என்று பெண்ணின் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல எண்ணத்தில்தான். எண்ணும் இருந்தது. ஆனால் பந்தியில் எங்கள் வரிசைக்கு மட்டும் பாயசம் வரவில்லை.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 அக்டோபர். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுங்குவார்சத்திரம் வரும். அங்கே தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் சிரப்பைக் குடித்து, எங்கோ மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா பக்கம், இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போயின. சளிக்குக் கொடுத்த மருந்து. எஸ்ஆர்-13 என்ற பேட்ச். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம். 1937-ல் அமெரிக்காவிலும் இதே ரசாயனம் கலந்த ஒரு மருந்து நூறு பேருக்குமேல் கொன்றது. அந்த நாட்டு அரசாங்கம் கையில் இருந்த இன்ஸ்பெக்டர்களில் கிட்டத்தட்ட எல்லோரையும் டாக்டர் வீடு, மருந்துக்கடை என்று அனுப்பி, விற்ற பாட்டில்களை ஒன்றொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இங்கே பாட்டிலில் எழுதிய நாலு எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிந்த்வாராவிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு வழி கண்டுபிடிக்க முடிகிறது. அந்த எழுத்தும் இல்லாவிட்டால்?

இதெல்லாம் ஞாபகம் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்தான் மருந்து டப்பா. பாதி மாத்திரைகளுக்குத் தலை இல்லை. நாலு மாத்திரை கேட்டால் கடையில் கத்தரிக்கோலால் ஸ்ட்ரிப்பை வெட்டித் தருகிறார்களே, அதில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரி தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. 2023 ஆகஸ்டிலிருந்து 300 பிராண்டு மருந்துகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் எல்லாம் தெரியும். அது ஒட்டிய அட்டைப்பெட்டி கடைக்காரரிடம், வெட்டிய நாலு மாத்திரை என்னிடம். இப்போதெல்லாம் எழுத்து உள்ள பக்கத்திலிருந்து வெட்டித் தாருங்கள் என்று கேட்கிறேன். "எல்லாரும் அப்படிக் கேட்டா மிச்சத்தை நான் யாருக்குங்க விப்பேன்?" என்கிறார். நியாயமான கேள்வி. முழு ஸ்ட்ரிப்பாக வாங்கிவருகிறேன்.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மா ஒருநாள் ஸ்டூல் போட்டு பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கினாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவை. "டிரேசபிலிட்டி, டிரேசபிலிட்டின்னு குதிக்கிறீங்களே, இதைப் படிங்க" என்று ஒரு எவர்சில்வர் அடுக்கைக் கவிழ்த்தாள். விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது: பெரிய அத்தையின் பெயர், ஊர், 4-9-94. அடுத்து தூக்குச்சட்டி: சித்தி, சித்தப்பா, அதே தேதி. டம்ளர் ஆறு, ஆறிலும் பெயர். முப்பது வருஷத்துக்கு முந்தைய டவரா எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கடைப் பாத்திரம், யார் மொய்க்கு எதிர்மொய், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கோயில் பந்தியில் ஆயிரம் பாத்திரத்தோடு கலந்தாலும் எங்கள் வீட்டுக் கரண்டி தனியாகத் திரும்பி வரும். கேஜ் இல்லை, ரிஜிஸ்டர் இல்லை, ஆடிட்டருக்குக் கேசரியும் இல்லை.

"இது உங்க பக்கம்" என்று கடைசியாக ஒரு சம்படத்தை நீட்டினாள். என் பெரியப்பா கொடுத்தது. பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே ஏதோ சுரண்டிய தழும்பும் இருந்தது. பூதக்கண்ணாடியை அவளே எடுத்துக் கொடுத்தாள். சுரண்டலுக்கு அடியில் மங்கலாக வேறு யாரோ ஒரு தம்பதியின் பெயர், 1987. யாரோ பெரியப்பாவுக்குக் கொடுத்ததை, அவர் லேபிள் மாற்றி எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். "முப்பது வருஷமா எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றாள்.

போன சனிக்கிழமை சர்வீஸ் கடையில் எண்பது ரூபாய்க்கு வால்வு வாங்கினோம், பில்லோடு. இந்த முறை அவளும் வந்தாள். அங்கிருந்து மார்க்கெட் பாத்திரக்கடைக்குப் போய், பையிலிருந்து குக்கர் மூடியை எடுத்து வைத்தாள்.

"பேர் வெட்டணும்."

கடைக்காரர் மெஷினை எடுத்தார். "என்ன பேரும்மா?"

என் பெயரை இனிஷியலோடு சொன்னாள். "தேதி 11-1-26 போடுங்க."

"கிஃப்ட்டாம்மா? அன்பளிப்புன்னு சேர்த்துப் போட்டுடவா?"

"அன்பளிப்பெல்லாம் வேணாம். வால்வு வாங்கினவர்."

மெஷின் கிர்ரென்று ஓடி முடித்தது. அறுபது ரூபாய் என்றார். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பில் குடுங்க" என்றேன். இரண்டு பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.